ரஸ்தாளி வெள்ளை, நேந்திரன் மஞ்சள்

ரஸ்தாளிப் பழத்தை உரித்தால் சதை வெளுத்திருக்கும். நேந்திரம்பழத்தை உரித்தால் சதை மஞ்சள். நன்றாகக் கனிந்துவிட்டால் ஆரஞ்சு நிறத்தையே எட்டிவிடும். வெளித்தோலில் இரண்டும் மஞ்சள்தான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் கூட்டு ரோடு வரை, கம்பெனி பஸ்கள் நிற்கும் இடமெல்லாம் இருக்கும் டீக்கடைகளில் வாழைத்தார் தொங்காத கடை அரிது. ஷிப்ட் முடிந்து வருபவர்கள் கையில் எடுக்கும் அந்தப் பழங்களின் சதை நிறத்தைத் தீர்மானிப்பவை கரோட்டினாய்டு எனப்படும் நிறமிகள். இந்த நிறமி பழத்தில் எவ்வளவு உண்டாகிறது என்பதைப் பற்றி அறிவியல் நீண்ட காலமாகவே பேசி வந்திருக்கிறது. உண்டான நிறமியைப் பழமே எவ்வளவு உடைத்துப்போடுகிறது என்ற கேள்வி அண்மைக் காலத்தில்தான் முன்னுக்கு வந்தது. அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்று ரஸ்தாளியிலேயே சோதிக்கப்பட்டது.

கரோட்டினாய்டு என்பது பொதுவாக 40 கார்பன் அணுக்கள் கொண்ட நீண்ட மூலக்கூறு. அதில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வருகின்றன. அந்த அமைப்பு ஒளியின் நீலப் பகுதியை விழுங்கிக்கொள்வதால் கண்ணுக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்கள் தெரிகின்றன. தக்காளிக்கும் தர்பூசணிக்கும் சிவப்பைத் தருவது லைகோப்பீன். அந்த மூலக்கூறின் இரு முனைகளும் வளையமாக மடிந்தால் அதுவே பீட்டா கரோட்டின். கேரட்டிலும் மாம்பழத்திலும் இருப்பது இதுதான். நிறமிகள் செல்லுக்குள் வண்ணக்கணிகம் என்ற சிறு உறுப்புகளில் சேர்ந்திருக்கும். அவை கொழுப்பில் கரையும், தண்ணீரில் கரையாது. 2025 கோடையில் தர்பூசணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாடெங்கும் பரவி, விலை சரிந்து, விவசாயிகள் கொதித்துப்போனார்கள். பழத்தின் சிவப்பு அதன் செல்களுக்குள்ளேயே உருவாகும் லைகோப்பீன் என்ற பாடம் அந்த நேரத்தில் மக்களிடம் உரக்கச் சொல்லப்பட்டிருக்க வேண்டும்.

நிறமி உண்டாகும் பாதையில் ஒரே ஒரு மரபணு பழுதானாலும் பழத்தின் முகமே மாறிவிடும். பப்பாளி இதற்கு நல்ல சாட்சி. லைகோப்பீனை பீட்டா கரோட்டினாக மாற்றும் நொதிக்கான மரபணு மஞ்சள் பப்பாளியில் சரியாக வேலை செய்கிறது. சிவப்புப் பப்பாளியில் அதே மரபணுவுக்குள் இரண்டு டிஎன்ஏ எழுத்துகள் கூடுதலாக நுழைந்து, அதன் செய்தியையே குலைத்துவிட்டன. நொதி உருவாகாததால் லைகோப்பீன் மாறாமல் அப்படியே தங்கிவிடுகிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 7, கோ 8 ரகங்களும், கடைகளை நிறைத்திருக்கும் ரெட் லேடியும் சிவந்த சதைக்காகவே விரும்பி வாங்கப்படுகின்றன. பப்பாளியின் கதை ஆக்கும் பாதையில் நேர்ந்த மாற்றம். அழிக்கும் பாதையின் கதை இதைவிடச் சுற்றுவழியானது.

செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பது வரத்துக் கால்வாயை மட்டும் பார்த்தால் தெரியாது. மதகு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பழத்தின் நிறமும் இப்படித்தான். நிறமியை உண்டாக்கும் மரபணுக்கள் முழுவீச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, உடைக்கும் மரபணுவும் அதே வேகத்தில் ஓடினால் சதை வெளுத்துப்போகும். வெள்ளைப் பழத்தில் நிறமி உற்பத்தியே இல்லை என்ற எண்ணம் பல இடங்களில் தவறாகிப்போனது இதனால்தான்.

உடைக்கும் வேலையைச் செய்வது கரோட்டினாய்டு பிளக்கும் டைஆக்சிஜனேஸ் என்ற நொதிக் குடும்பம். ஆய்வாளர்கள் சுருக்கமாக சிசிடி என்பார்கள். இந்த நொதியின் நடுவில் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. அதன் துணையோடு ஆக்சிஜனைப் பயன்படுத்தி, கரோட்டினாய்டுச் சங்கிலியின் குறிப்பிட்ட ஓர் இரட்டைப் பிணைப்பில் வெட்டு விழுகிறது. எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் ஒவ்வொரு நொதிக்கும் தனி வழக்கம் உண்டு. வெட்டும் இடத்தைப் பொறுத்துக் கிடைக்கும் துண்டின் வேலையும் மாறுகிறது.

இந்தக் குடும்பத்தில் முதலில் அடையாளம் காணப்பட்டது மக்காச்சோளத்தில். கதிரில் இருக்கும்போதே மணிகள் முளைவிட்டுவிடும் ஒரு பிறழ்வுச் செடியைத் துருவிப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள், 1997-இல் விபி14 என்ற மரபணுவின் வேலையை வெளியிட்டார்கள். விதையை உறங்க வைப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன். கரோட்டினாய்டை வெட்டித்தான் செடி அதைத் தயாரிக்கிறது. வெட்டும் நொதி பழுதான செடியில் ஹார்மோன் கிடைக்காமல் விதை உறக்கம் கொள்வதில்லை. வறட்சி வரும்போது இலைத்துளைகளை மூடச் சொல்லும் ஆணையும் இதே ஹார்மோனிடமிருந்துதான் வருகிறது. உச்சி வெயிலில் துவளாமல் நிற்கும் எந்தச் செடியும் தன் நிறமியில் ஒரு பங்கை இதற்காக உடைத்துக்கொண்டே இருக்கிறது.

ஆய்வுக்கூடங்களின் மாதிரிச் செடியான அராபிடாப்சிஸில் இக்குடும்பத்து மரபணுக்கள் ஒன்பது. ஐந்து அப்சிசிக் அமிலத்தின் பக்கம் நிற்பவை. சிசிடி7, சிசிடி8 இரண்டும் சேர்ந்து ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளுக்கு வழி செய்கின்றன. செடி எத்தனை கிளை விடலாம் என்பதை அது கட்டுப்படுத்துகிறது, வேர் வழியாக வெளியேறி நல்ல பூஞ்சைகளையும் அழைக்கிறது. அதே வாசனையை மோப்பம் பிடித்துத்தான் சோளத்திலும் கரும்பிலும் ஒட்டிக்கொள்ளும் சுடுமல்லிக் களையின் விதை முளைக்கிறது. மீதமிருக்கும் சிசிடி1, சிசிடி4 என்ற இரண்டுதான் பழத்தின் நிறத்துக்கும் மணத்துக்கும் பொறுப்பாளிகள்.

இரண்டுக்கும் இடையில் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சிசிடி1 செல்லின் திரவப் பகுதியில் இருக்கிறது. நிறமியோ கணிகத்துக்குள் அடைந்து கிடக்கிறது. ஆகவே அதன் கைக்கு நிறமி எளிதில் எட்டாது. சிசிடி4 கணிகத்துக்குள்ளேயே இருப்பதால் நிறமியை நேரடியாகத் தொடுகிறது. நிறம் வெளுக்கும் கதைகளில் சிசிடி4-இன் பெயர் திரும்பத் திரும்ப அடிபடுவதற்கு இந்த இருப்பிடமே பெரிய காரணம்.

அதன் கைவரிசையை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு பூ. பூக்கடையில் மஞ்சள் சாமந்தியும் வெள்ளைச் சாமந்தியும் அருகருகே குவிந்திருக்கும். வெள்ளைச் சாமந்தியின் இதழிலும் கரோட்டினாய்டு உண்டாக்கும் மரபணுக்கள் வேலை செய்கின்றன என்பது ஜப்பானிய ஆய்வாளர்களைக் குழப்பியது. 2006-இல் அகேமி ஓமியாவின் குழு விடையைக் கண்டது: வெள்ளை இதழில் சிசிடி4 வகை மரபணு ஒன்று தீவிரமாக இயங்கி, உண்டாகும் நிறமியை அவ்வப்போதே உடைத்துவிடுகிறது. அந்த மரபணுவை அடக்கியதும் வெள்ளைப் பூ மஞ்சளாகப் பூத்தது.

பழத்தில் இதே உண்மை பீச்சில் நிரூபணமானது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் பிளம்ஸ், பேரியோடு பீச்சும் விளைகிறது. உலகச் சந்தையில் பீச்சுக்கு இரண்டு சதை நிறங்கள்: வெள்ளை, மஞ்சள். வெள்ளை ஓங்கு பண்பு, மஞ்சள் ஒடுங்கு பண்பு என்பது சுமார் நூறு ஆண்டுகளாகவே பயிர்ப் பெருக்க வல்லுநர்களுக்குத் தெரியும். காரணம் 2013-இல் வெளியான ஆய்வுகளில்தான் துலங்கியது. பீச்சின் இயல்பான நிறம் வெள்ளை. அதில் சிசிடி4 நன்றாக வேலை செய்கிறது. மஞ்சள் பீச்சில் அந்த மரபணு உடைந்து கிடக்கிறது. அதுவும் ஒரே விதத்தில் உடையவில்லை. ஒரு வம்சத்தில் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர் நீண்டு செய்தி குலைந்திருக்கிறது; இன்னொன்றில் தாவும் மரபணு ஒன்று நடுவில் வந்து செருகிக்கொண்டது; மற்றொன்றில் ஓரெழுத்து மாறி, நொதி பாதியிலேயே நின்றுபோனது. தனித்தனியாக மூன்று முறை நேர்ந்த விபத்துகள், மூன்றையும் மஞ்சள் நிறத்துக்காக மனிதர்கள் தேர்ந்து காப்பாற்றி வளர்த்திருக்கிறார்கள். மரபணுவின் பெயர் தெரியாமலே, கண்ணை மட்டும் நம்பி விவசாயிகள் செய்த இந்தத் தேர்வு வியப்புக்குரியது.

பீச்சில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ரெட்ஹேவன் என்ற மஞ்சள் ரகத்திலிருந்து வெள்ளைச் சதையுள்ள ஒரு பிறழ்வு தோன்றியது. அதன் பெயர் ரெட்ஹேவன் பியாங்கா. இரண்டும் மற்றெல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்று. 2011-இல் ஒப்பிட்டுப் பார்த்தபோது, வெள்ளைப் பழத்தில் நிறமி குறைந்திருந்தது, ஆனால் கரோட்டினாய்டு உடைந்து பிறக்கும் மணப்பொருள்கள் கூடியிருந்தன. இழந்த நிறம் மணமாக மாறியிருக்கிறது என்று எளிமையாகச் சொல்லலாம்.

அந்த மணப்பொருள்களில் பேர்பெற்றது பீட்டா அயனோன். பீட்டா கரோட்டினின் ஓரத்தில் வெட்டு விழும்போது கிடைக்கும் 13 கார்பன் துண்டு இது. 100 கோடிப் பங்கு தண்ணீரில் ஒரு பங்குக்கும் வெகுவாகக் குறைந்த அளவில் கலந்திருந்தாலும் மனித மூக்கு இதைக் கண்டுகொள்ளும். தக்காளியில் சிசிடி1-ஐ அடக்கிப் பார்த்த 2004-ஆம் ஆண்டு ஆய்வில் பீட்டா அயனோன் பாதியளவுக்கு விழுந்துவிட்டது; பழத்தின் சிவப்பில் மாற்றமே தெரியவில்லை. நிறத்துக்குச் சேதமில்லாத துளியளவு நிறமி உடைந்தாலே மணத்துக்குப் போதும். பார்வைக்குப் பளபளவென்று இருந்தும் மணமே இல்லாத பழங்கள் சந்தையை நிறைப்பதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இந்த நொதிகளின் பக்கம் கவனத்தைத் திருப்ப வேண்டும்.

உடைத்தால் நிறம் போகும் என்ற விதிக்கு எதிராக நிற்பது கமலா ஆரஞ்சு. அதன் தோலில் சிசிடி4-இன் உறவான ஒரு நொதி கரோட்டினாய்டை வெட்டி, பீட்டா சிட்ராரின் என்ற 30 கார்பன் நிறமியை உண்டாக்குகிறது. மஞ்சள் நிறமியை வெட்டிய பிறகு கிடைக்கும் இந்தத் துண்டு அடர்ந்த செவ்வாரஞ்சு நிறம் கொண்டது. 2013-இல் ஸ்பெயினிலும் ஜப்பானிலும் இது தெளிவானது. காஷ்மீரின் குங்குமப்பூச் சிவப்பும், உணவுச் சாயத்துக்குப் பயன்படும் அனாட்டோ விதையின் சிவப்பும் இப்படிக் கரோட்டினாய்டை வெட்டிப் பெற்ற நிறங்களே.

இனி வாழை. பசிபிக் தீவுகளிலும் பப்புவா நியூகினியாவிலும் ஃபேய் என்ற வாழை இனம் உண்டு. அதன் சதை கேரட்டைப் போலச் சிவந்திருக்கும். அதில் ஒன்றான அசுப்பினாவை உலகச் சந்தையின் கேவண்டிஷ் வாழையோடு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் ஒப்பிட்டார்கள். 2016-இல் வந்த முடிவில் இரண்டு செய்திகள் இருந்தன. அசுப்பினா பழுக்கும்போது மாவுச்சத்துக் கணிகங்கள் விரைவாக வண்ணக்கணிகங்களாக மாறி நிறமிக்கு இடம் கொடுக்கின்றன. நிறமி சேர்வதைத் தடுக்கும் முக்கியக் காரணிகளில் ஒன்று சிசிடி4. அதே பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டேல் தலைமையில் நடந்த 'தங்க வாழை' முயற்சி, அசுப்பினாவின் நிறமி ஆக்கும் மரபணுவைக் கேவண்டிஷில் சேர்த்தது. உகாண்டா மக்களின் தேவையைக் கணக்கிட்டு, உலர் எடையில் கிராமுக்கு 20 மைக்ரோகிராம் என்பதை இலக்காக வைத்திருந்தார்கள். 2017-இல் வெளியான வயல் சோதனை முடிவில் ஒரு வரிசைச் செடி 55 மைக்ரோகிராமைத் தொட்டிருந்தது.

இந்தியாவில் இந்தப் பணி மொகாலியின் தேசிய வேளாண் உணவு உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்தில் வேகம் பிடித்தது. அங்கு சித்தார்த் திவாரியின் குழு கிரிஸ்பர் முறையில் மரபணுவைத் திருத்துகிறது. கிரிஸ்பர் முறையில் குறிவைத்த மரபணுவில் மட்டும் ஒரு சிறு வெட்டு விழச் செய்து, செடி அதைத் தானே ஒட்டிக்கொள்ளும்போது நேரும் பிழையால் மரபணுவைச் செயலிழக்க வைக்கிறார்கள். 2020-இல் அவர்கள் கிராண்ட் நைன் வாழையில், லைகோப்பீனை வேறு திசைக்கு இழுக்கும் ஒரு நொதியை நிறுத்தினார்கள். பழச்சதையில் பீட்டா கரோட்டின் ஆறு மடங்கு வரை உயர்ந்து கிராமுக்கு 24 மைக்ரோகிராமை நெருங்கியது. 2022-இல் அவர்கள் எடுத்துக்கொண்டது ரஸ்தாளி. இம்முறை குறி சிசிடி4. அயல் மரபணு எதையும் செடியில் தங்கவிடாமல் இந்தத் திருத்தம் செய்யப்பட்டது. திருத்திய செடிகளில் பீட்டா கரோட்டின் கூடியதால், வாழையில் இந்த நிறமியைக் குறைத்து வைப்பதில் சிசிடி4-க்குப் பங்கு உண்டு என்பது உறுதிப்பட்டது. சாமந்தியிலும் பீச்சிலும் கண்ட அதே வழி வாழையிலும் இருக்கிறது.

பயிர்ப் பெருக்கக்காரர்களுக்கு வாழை எளிதில் வசப்படாத பயிர். உண்ணும் வாழைக்கு விதை இல்லை. பக்கக் கன்றிலிருந்தே வளர்கிறது. நேந்திரனின் மஞ்சளை ரஸ்தாளிக்கு ஒட்டுச்சேர்க்கையால் கொண்டுவருவது நடைமுறையில் மிகக் கடினம். மரபணுத் திருத்தத்தின் மீது இவ்வளவு நாட்டம் ஏற்பட்டதற்கு இதுவே நியாயமான காரணம்.

தோலின் மஞ்சளைச் சதையின் மஞ்சளோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காயாகவே வெட்டி லாரியில் வரும் தார் மண்டியில் சீப்புச் சீப்பாகப் பிரித்துக் கூடையில் அடுக்கப்பட்டு, குளிரூட்டிய பழுக்கும் அறைக்குள் போகிறது. அங்கே எத்திலீன் வாயு 100 பிபிஎம் அளவுவரை செலுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. கால்சியம் கார்பைடுக் கல்லுக்கு அனுமதி கிடையாது. சில நாட்களில் தோலின் பச்சையம் சிதைந்து, அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் வெளித்தெரிகிறது. கேவண்டிஷ் வகையில் வெப்பம் 24 டிகிரி செல்சியஸுக்கு மேல் போனால் பச்சையம் சரியாகச் சிதையாது. அதனால்தான் கடை வெயிலில் தொங்கிப் பழுக்கும் பச்சை வாழை உள்ளே கனிந்தும் வெளியே பச்சையாகவே நிற்கிறது. தோலில் நடக்கும் இந்த மாற்றங்களுக்கும் சதையில் எவ்வளவு கரோட்டின் இருக்கிறது என்பதற்கும் தொடர்பில்லை. பளிச்சென்ற மஞ்சள் தோலைப் பார்த்துச் சத்தை அளக்க முடியாது.

கரோட்டினை வெட்டும் நொதிகள் செடிக்கு மட்டும் சொந்தமல்ல. மனிதக் குடலில் இருக்கும் இதே குடும்பத்து நொதி ஒன்று பீட்டா கரோட்டினைச் சரியாக நடுவில் வெட்டி வைட்டமின் ஏ-யை உண்டாக்குகிறது. 2016–18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வில், ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளில் ஏறக்குறைய 18 விழுக்காட்டினருக்கு வைட்டமின் ஏ குறைவு காணப்பட்டது. பழம் தன் நிறமியை வெட்டிவிட்டால் குடல் வெட்டுவதற்கு மிச்சம் இருக்காது என்பதுதான் இந்த ஆராய்ச்சியின் உயிர்நாடி. பசும்பாலில் தெரியும் இளமஞ்சள் எருமைப்பாலில் இல்லாததற்கும் காரணம் இந்த வெட்டுதான். எருமை தன் கரோட்டினை வைட்டமினாக மாற்றிவிடுகிறது. கோழியின் மஞ்சள் தோலுக்கும் இப்படி ஒரு நொதி மரபணுவே காரணம். தோலில் அதன் வேகம் குறைந்த வடிவம், தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வீட்டுக்கோழிக்கு வந்தது என்று 2008-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

சட்டத்தின் நிலையும் மாறியிருக்கிறது. அயல் மரபணு இல்லாத திருத்தப் பயிர்களை மரபணு மாற்றுப் பயிர்களுக்கான கடும் விதிகளிலிருந்து மத்திய அரசு 2022 மார்ச்சில் விலக்கியது. 2025 மே மாதம் இரண்டு திருத்த நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. ரஸ்தாளிக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் சிசிடி4-இன் வெட்டிலிருந்து பிறக்கும் துண்டுகள் செடிக்குள் செய்தி கடத்தும் பொருள்களாகவும் பயன்படுகின்றன. ஆகவே செடி முழுவதிலும் அதை நிறுத்திவிடுவதைக் காட்டிலும் பழச்சதையில் மட்டும் அடக்குவதே விவேகம். வறட்சியிலும் வாடல் நோயிலும் செடி எப்படி நிற்கிறது, ரஸ்தாளிக்கே உரிய மணம் குறையாமல் இருக்கிறதா, பழுத்த சதையில் கரோட்டின் எத்தனை மைக்ரோகிராம் என்பவற்றைத் தமிழ்நாட்டு வயல்களில் பல பருவம் அளந்து காட்ட வேண்டும். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கு அதற்கான ஆளும் நிலமும் அனுபவமும் இருக்கின்றன. அந்த அளவீடு கைக்கு வரும்வரை, வாழைப்பழத்திலிருந்து வைட்டமின் ஏ வேண்டுபவர்கள் நேந்திரனை வாங்கலாம். கொஞ்சம் எண்ணெயோ நெய்யோ சேர்ந்த உணவோடு சாப்பிட்டால் அதன் கரோட்டின் உடலில் நன்றாகச் சேரும்.